கிடை போட்ட மூலையில் உடை

எங்கள் ஜவுளிக்கடையில் நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால், எனக்குப் புல்தான் தெரியும். காற்றில் ஒரே பக்கமாகச் சாயும் வெள்ளைப் புல்.

திருவேங்கடம் போகும் வழியில் எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல். உழாமல் கிடந்ததில் சீமைக்கருவேலம் அடைத்துவிட்டது. ஜேசிபி வைத்து அதைப் பிடுங்கிய அன்று, இனி பருத்தியோ உளுந்தோ வேண்டாம், இந்த மண்ணுக்கே உரிய உடைமரமும் ஆவாரையும் கொழுக்கட்டைப் புல்லும் திரும்பி வரட்டும் என்று தோன்றியது.

"முள்ளைப் பிடுங்கிட்டு முள்ளு வைக்கப் போறியா?" என்று சிரித்தார் என் கணவர்.

சுற்றிலும் கம்பி வேலி போட்டேன். உடைக் கன்றுகள் வாங்கி நட்டு, வண்டியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். கோடையில் கரிசல் கை நுழையும்படி வெடித்தது. வேர் அறுந்து கன்றுகள் ஒவ்வொன்றாகக் கருகின.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், வேலிக்கம்பி தூக்கிக் கட்டியிருந்தது. வடக்கு மூலையில், ராத்திரி ஆடுகளை மடக்கிப் போட்ட கிடை. என் வயதுதான் இருக்கும், ஒரு பெண் தொரட்டிக் கம்பை ஊன்றி நின்றாள்.

"ஏட்டி, யாரைக் கேட்டு உள்ள விட்டே?" என்று கத்தினேன்.

"ஏட்டியா? நான் என்ன உங்க கடையில வேலைக்கா நிக்கேன்?" என்றாள். "கருவேலம் அடையுததுக்கு முன்னாடி வருசா வருசம் இங்கனதான் கிடை போடுவோம். வேண்டாம்னா சொல்லுங்க, பத்திட்டுப் போறேன்."

"வேண்டாம்" என்றேன். போய்விட்டாள். ஆடுகள் கிளப்பிய புழுதி மேற்கே மலையைப் பார்த்து நகர்ந்ததைக் காண, நிலமே எழுந்து நடந்து போவதுபோல் இருந்தது. என் வார்த்தை எனக்கே கசந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. தீபாவளி வியாபாரம் முடிந்துதான் நிலத்துக்குப் போக முடிந்தது. முழங்கால் உயரப் புல். வடக்கு மூலையில் நான் ஒன்றுகூட நடாத இடத்தில், கிடை கிடந்த அளவுக்கு அப்படியே பச்சை. குனிந்து பார்த்தேன். வெள்ளாடுகள் வழியெல்லாம் தின்ற உடை நெற்றுகளின் விதை, புழுக்கையோடு விழுந்து முளைத்திருந்தது. எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேனோ, சேலை ஈரமானது எழுந்த பிறகுதான் உறைத்தது.

ஆனால் ஆடு சீமைக்கருவேல நெற்றையும் தின்னுமே, அதுவும் இதில் கலந்திருக்கும். எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பனவடலிசத்திரம் டீக்கடையில் விசாரித்து, விதைக்காமல் போட்டிருந்த ஒரு புன்செய்யில் அவளைக் கண்டுபிடித்தேன்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க."

அவள் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எது வேணும், எது வேண்டாம்னு ஆட்டுக்குத் தெரியுமாக்கா?"

மறுநாள் வந்தாள். "முள்ளு வெளுப்பா நீளமா வந்தா உடை, விட்டுருங்க" என்றாள். இருவரும் பொழுது சாயும்வரை குத்தவைத்து மற்றதைப் பிடுங்கினோம். கை முழுக்கக் கீறல்.

"கோடைக்கு வாங்க. கேட்டைப் பூட்ட மாட்டேன்" என்றேன்.

"வாரேன். உடை நெத்தை மட்டும் தின்ன வச்சுக் கொண்டாந்து கிடை போடுதேன். ஆனா கன்னு இருக்க பக்கம் நீங்களே முள்ளு வெட்டி அடைச்சிருங்க. வெள்ளாட்டு வாயி சும்மா இருக்காது."

இப்போது உடைக் கன்றுகள் என் இடுப்புக்கு வந்துவிட்டன. போன வாரம் கவுதாரி ஒன்று குஞ்சுகளோடு புல்லுக்குள் நுழைந்தது. அவை மறுபக்கம் வெளியே வரும் என்று காத்திருந்தேன். வரவேயில்லை. உள்ளேயே தங்கிவிட்டன.