சுவிட்ச் இல்லாத லயம்

1. முதல் விளக்கு

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் நான் எலக்ட்ரிக் ஃபிட்டராக இருந்தேன். ஆற்றோரத்தில் வெள்ளைக்காரன் காலத்து டர்பைன் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதைக் கழற்றிப் பூட்டி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கரண்ட் கொடுக்கச் சொன்னார்கள். தண்ணீர் சும்மாதானே ஓடுகிறது என்பது நிர்வாகத்தின் நினைப்பு.

மேலே எரிகிற விளக்குகளின் பாரம்தான் டர்பைனை அடக்கி வைக்கும். அதைத்தான் நாங்கள் லோட் என்போம். விளக்குகள் அணைந்தால் அது வெறிபிடித்துச் சுற்றும், ஜெனரேட்டர் கருகிவிடும். வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தக் கவர்னர் என்றொரு கருவி உண்டு. அதைக் கேட்டுத் தோட்ட மேலாளரான துரையிடம் போனேன்.

"லயத்துக்கு லைட் குடுக்கிறதே பெரிய விசயம். கவர்னர் எதுக்கு? அணைக்க வேணாம்னு சொல்லுங்க, முடிஞ்சுது" என்றார்.

ஆகவே எந்த அறைக்கும் சுவிட்ச் இல்லை. அறைக்கு ஒரு பல்ப். பொழுது சாய்ந்தால் எரியும், விடிந்ததும் பவர்ஹவுஸில் நிறுத்துவோம். வீடு வீடாகப் போய் விளக்கினேன். மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்த சனம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

"விடிய விடிய எரிய விட்டா புள்ளைக எப்புடிண்ணே தூங்கும்?"

பிள்ளைகள் பழகிக்கொண்டன. பெரியவர்கள்தான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள்.

2. செபஸ்தியான்

பவர்ஹவுஸ் ரோட்டுக்குக் கீழே, லயத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் இருந்தது. அங்கே இராக் காவலுக்குச் செபஸ்தியானைப் போட்டேன். நல்ல வேலைக்காரன். சொன்னதைச் சொன்னபடி செய்வான்.

"லோட் விழுந்தா என்ன செய்வே?" என்று கேட்டுப் பார்ப்பேன்.

"வால்வ மூடுவேன். அப்புறம் டோர்ச்ச எடுத்துக்கிட்டு கம்பம் கம்பமா லைன் பாத்துக்கிட்டே மேல வருவேண்ணே. எங்கயாச்சும் கம்பி அறுந்திருக்கும்."

மழைக்காலத்தில் கிளை விழுந்து கம்பி அறுவது வழக்கம். நனைந்துகொண்டே வந்து கண்டுபிடித்துவிடுவான். அவன் மனைவி ரோஸம்மா, "அவருக்கு அந்த டர்பைன்தாண்ணே மூத்த தாரம், நான் ரெண்டாவது" என்று கேலி பேசுவாள். கையில் பால்குடிக் குழந்தை.

3. இருட்டு

எண்பத்து மூன்று ஆடி மாதம். ஊரெல்லாம் தமிழர் கடைகள் எரிகின்றன என்று காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு மாலை, விளக்கு வந்து சற்று நேரத்தில், பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு லயத்துக்கு ஓடி வந்தார். சிங்களவர், எங்களுக்குப் பழக்கமானவர்.

"லொறியில ஆள் வாறாங்க! லைட் ஒக்கோம, எல்லாத்தையும் அணைங்க! தேயிலைக்குள்ள போங்க!"

பெண்கள் முந்தானையால் பிடித்துச் சுடச்சுடப் பல்புகளைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். லயம் முழுவதும் இருண்டது. தேயிலைக்குள் ஓடும்போது ரோஸம்மா என்னிடம், "நல்லவேளைண்ணே, அவரு பள்ளத்துல இருக்காரு. யாரு கண்ணுலயும் படமாட்டாரு" என்றாள். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது.

செடிக்குள் பதுங்கியபோது கீழே டர்பைன் அலறியது. பிறகு சத்தம் தேய்ந்து நின்றது. வால்வை மூடிவிட்டான். அடுத்து அவன் என்ன செய்வான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்தேன். அதற்குள் லொறி வந்து, எங்களுக்கும் அவனுக்கும் நடுவில், ரோட்டில் நின்றுவிட்டது.

பள்ளத்திலிருந்து டோர்ச் வெளிச்சம் ஏறி வந்தது. ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று கம்பியைப் பார்த்தது.

ரோஸம்மா வாயைத் திறந்தாள். சுற்றிலும் செடிக்குச் செடி லயத்துப் பிள்ளைகள். அவளே முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். குழந்தையை மார்போடு அழுத்திப் பிடித்தாள். நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன்.

ரோட்டோரக் கம்பத்தடியில் வெளிச்சம் கீழே விழுந்தது. வடிகானுக்குள் கிடந்து எரிந்துகொண்டே இருந்தது. இருட்டான மேட்டில் ஏற மனமில்லாமல் லொறி திரும்பிப் போனது. லயம் தப்பியது. செபஸ்தியானை நாங்கள்தான் தூக்கி வந்து அடக்கம் செய்தோம்.

4. மணிக் கம்பி

இப்போது மினி ஹைட்ரோ என்று சிறு நீர்மின் நிலையம் போடுகிற தம்பிமார் என் பழைய லைன்களைப் பார்த்துவிட்டு, லயத்திலிருந்து பவர்ஹவுஸில் மணியடிக்கத் தனியாக ஒரு மணிக் கம்பி எதற்கு என்று கேட்கிறார்கள். நீர் விழும் உயரத்தையும் தண்ணீர் அளவையும் அளக்கும் முன்பே, கீழே தனியாக இருக்கும் ஆளுக்குச் செய்தி சொல்ல வழி பாருங்கள் என்பேன். அதை எனக்குக் கற்றுத் தந்தவள் ரோஸம்மா.

அந்த ஆடிக்குப் பிறகு, மாதங்கள் கழித்து மறுபடியும் லைட் கொடுக்க முடிவானது. துரை லயத்து வாசலுக்கு வந்து, "எல்லாருக்கும் சந்தோசம்தானே?" என்று கேட்டார். ரோஸம்மா குழந்தையோடு முன்னால் வந்தாள்.

"லைட்டு வரட்டுங்க தொர. இனிமே கீழ நிக்கப்போற ஆளுக்கு யாரு சொல்லுவா?"

"என்ன சொல்றதுக்கு?"

"ஓடிருன்னு."