வயிற்றுக்கு இறங்கிய அரபுப் பாட்டு

தேவாரம் என்ற ஊரில் நான் மைக்செட் கடை வைத்திருந்தபோது, திருவிழாவில் ஆட ஓர் அம்மா வந்தார். பெயர் நினைவில்லை. வாய் நிறைய வெற்றிலை, இடுப்பில் சலங்கைப் பட்டை. வயிற்றைச் சுழற்றி ஆடும் அரபு நாட்டியம் என்று நோட்டீஸ்கூட ஒட்டியாகிவிட்டது. நோட்டீஸில் ஒட்டகமெல்லாம் போட்டிருந்தார்கள், அது தனிக்கதை. அரபுப் பாட்டுதான் கிடைக்கவில்லை.

“பாட்டு இல்லாட்டி வேற டான்ஸ் செட்டக் கூப்பிடுவோம்னு கமிட்டியில சொல்லிட்டாகண்ணே.”

என்னிடமிருந்த இந்திப் பாட்டையெல்லாம் போட்டேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டே கேட்டார்.

“இது காதோட நின்னு போகுதுண்ணே. வயித்துக்கு எறங்கல.”

துபாயிலிருந்து வந்திருந்த கம்பம் ஊர்க்காரர் ஒருவர், அங்கே ரேடியோவிலிருந்து பதிந்த கேசட்டைக் கொடுத்தார். மேளம் தொடங்கியதும் சலங்கை தானாகக் குலுங்கியது. நடுவில் பாட்டு நின்று, ஓர் ஆள் அரபியில் படபடவென்று பேசினான். அணைக்கப் போனேன்.

“நிறுத்தாதீக! என்ன சொல்லுறாரு?”

“லாரி டயரு விளம்பரம் தாயி,” என்றார் கம்பத்துக்காரர்.

“நல்லாத்தான் விக்கிறாரு. இருக்கட்டும்.”

திருவிழா மேடையில் அவர் ஆடியபோது பாட்டுக்குக் கைதட்டினார்கள். விசில் பறந்தது டயருக்குத்தான். கமிட்டித் தலைவரே என்னிடம் ஓடிவந்தார்.

“ஏப்பா, அந்தப் பேச்ச மட்டும் இன்னொருக்கா போடு!”

ஒரு டயருக்கு வயிறு எப்படி அப்படிச் சுழன்றது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.