சமையலறையில் தொடங்கிய ஸ்தோத்திரம்

1. லேத் மெஷினிலிருந்து தெறித்த இரும்புப் பிசிறு என் கணவர் சாமுவேலின் இடது கண்ணில் விழுந்தது.
2. கூட வேலை செய்யும் ஆறுமுகம் அண்ணன் அதைக் கைக்குட்டை முனையால் எடுத்துவிட்டார். இவர் ஷிப்ட் முடியும்வரை மெஷினில் நின்றார்.
3. கண் சிவந்தது. பக்கத்து வீட்டு லூர்து அக்கா பாலாடையில் தாய்ப்பால் கொண்டுவந்து கண்ணில் விட்டார். எரிச்சல் அடங்கியதுபோல் இருந்தது.
4. பார்வை மங்கியது. மெட்ராஸில் கண் டாக்டரிடம் போனோம். இன்னொரு துணுக்கு கண்ணைத் துளைத்து உள்ளே போயிருப்பதாகச் சொன்னார்.
5. மின்காந்தம் வைத்து அதை எடுத்தார்கள். இரண்டு கண்களையும் கட்டி, சில நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.
6. ஜெபிக்கத் தெரியாத நான் ஜெபித்தேன்.
7. கட்டு அவிழ்ந்தது.

ஆண்டவருடைய அன்பில் என்னோடு இணைந்திருக்கிறவர்களே, நடந்தது இவ்வளவுதான். நான் டிப்ளமா படித்து, ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஒரு சிறிய தொழிற்சாலையில் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை செய்கிறவள். எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு மனம் நிற்கும். ஆனால் அந்த ஆறாவது வரி மட்டும் வரிசைக்குள் அடங்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

லேத் ஓடும் எந்த இடத்திலும் ஆறுமுகம் அண்ணனைப்போல் ஒருவர் இருப்பார். கண்ணில் பிசிறு விழுந்தால் யாரும் முதலுதவிப் பெட்டியைத் தேடமாட்டார்கள். அவரைத்தான் கூப்பிடுவார்கள். அன்றும் கூப்பிட்டார்கள். "இன்னாபா சாமு, இதுக்கே அழுவுறியா? பொண்டாட்டி பாத்தா இன்னா நெனைக்கும்?" என்று கேலி பண்ணிக்கொண்டே இமையைப் புரட்டிப் பிசிறை எடுத்து, தன் கட்டைவிரல் நகத்தில் வைத்துக் காட்டினாராம். எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஒன்று விழுந்தது, ஒன்று வந்துவிட்டது. இரண்டு விழுந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

டாக்டர் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். "இரும்பை எடுத்தாச்சும்மா. ஆனா பார்வை வருமான்னு இப்போ சொல்ல முடியாது. பெருசா எதிர்பார்க்காதீங்க. இந்தக் கண் கெட்டா சில சமயம் நல்ல கண்ணையும் சேர்த்து இழுக்கும்." ஒரு கண் அசைந்தால் மற்றதும் கூடவே அசையும் என்பதால் இரண்டையும் கட்டியிருந்தார்கள். குனியக்கூடாது, இருமக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது.

எழும்பூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில்வரை ரயிலில் வந்தோம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தத்திலும், "இது எது?" என்று கேட்டார். நான் பெயரை மட்டும் சொன்னேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. பிறகு பஸ் பிடித்து சேரப்பணஞ்சேரியில் எங்கள் ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள்தான். ஞானஸ்நானம், ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, எல்லாம் உண்டு. ஆனாலும் ஆண்டவர் எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் இருப்பவர். வீட்டில் குடும்ப ஜெபம் நடத்துவது இவர் வேலை. இவர் வேதம் வாசிப்பார், இவர் ஜெபிப்பார், நான் ஆமென் சொல்லிவிட்டு ரசத்தைச் சூடு பண்ணப் போவேன்.

அன்று மாலை பாய் விரித்து அவரைச் சாய்த்து உட்கார வைத்தேன். ஒரு சங்கீதம் வாசித்தேன். வாசித்து முடித்ததும் வேதத்தை மூடி வைத்தேன்.

"நீ ஜெபம் பண்ணு எஸ்தர்."

"எனக்கு வராது. ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கு."

"கண்ணு வேணும்னா? அதான் காலைலேர்ந்து மனசுக்குள்ள சொல்லிகினே வர்றியே. அவருக்குக் கேட்டிருக்கும். நீ ஸ்தோத்திரம் சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. "எதுக்கு? இந்தக் கட்டுக்கா?"

"கட்டுக்கு வேணாம். எனக்குத்தான் ஒண்ணும் தெரியலியே. இப்ப வூட்ல இன்னா கீதுன்னு சொல்லு. உனக்கு லிஸ்ட் போடவா சொல்லித் தரணும்?"

ஸ்தோத்திர பலி உங்களுக்கெல்லாம் தெரியும். ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றவர்கள் "ஸ்தோத்திரம்" என்பார்கள். வானம், பூமி, இரட்சிப்பு, பாதுகாப்பு என்று பெரிய பெரிய காரியங்களாகச் சொல்வோம். அன்று என்னிடம் பெரிய காரியம் எதுவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து சமையலறைதான் தெரிந்தது. அங்கிருந்து தொடங்கினேன்.

"ஸ்டவ் எரியுது. தீ நீலமா இருக்கு."

"ஸ்தோத்திரம்."

"உலை கொதிக்குது. மூடி ஆடுது."

"கேக்குது, கேக்குது. ஸ்தோத்திரம்."

"முறத்துல வெங்காயம். ஒண்ணு முளைச்சிருக்கு."

"ஸ்தோத்திரம்."

"ஜன்னல்ல ஒரு பல்லி."

"அதுக்குமா?"

"நீங்கதானே இருக்கறதைச் சொல்லச் சொன்னீங்க?"

"சரி. பல்லிக்கும் ஸ்தோத்திரம்."

சிரிப்பு வந்துவிட்டது. குலுங்கிச் சிரிக்கக்கூடாது என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

நான் லீவு போட்டிருந்தேன். அதற்குப் பிறகு வந்த நாட்களுக்கு ஓரம் இல்லை. காலை எப்போது மதியமானது, மதியம் எப்போது சாய்ந்தது என்று தெரியாமல், தண்ணீருக்குள் நடப்பதுபோல் நடந்தேன். கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக ஒரு துண்டு வெயில் இறங்கி, தரையில் மெதுவாக நகர்ந்து, அவர் பாதத்தில் ஏறி, சுவரில் ஏறி, மறைந்துபோகும். இத்தனை நாள் அந்த வெயில் யாருமில்லாத வீட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஈரத் துணியைக் கொடியில் போட்டால் வெள்ளாவி போல ஆவி எழுந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தால் மழை வாசனை முதலில் எங்கள் சமையலறைக்குள்தான் நுழைந்தது. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பார். சொல்லி முடித்ததும் இருவரும் ஸ்தோத்திரம் சொல்வோம்.

என் வேலையில் ஒரு பொருளைப் பார்ப்பது குறையைக் கண்டுபிடிக்கத்தான். அளவுக்குள் இருந்தால் ஒரு பெட்டி, இல்லையென்றால் இன்னொரு பெட்டி. வீட்டையும் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன். ஒட்டடை, ஒழுகும் ஓடு, உடைந்த தாழ்ப்பாள். இப்போது ஒருவருக்குச் சொல்வதற்காகப் பார்த்தேன். அதே வீடுதான். ஆனால் ஒவ்வொரு பொருளும் யாரோ அப்போதுதான் கையில் கொடுத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

எந்த நாள் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு மதியம் அவர் தூங்கிவிட்டார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, அது தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். "முருங்கைப்பூ உதிருது. லூர்து அக்கா குழந்தைக்குத் தாலாட்டறாங்க." பதில் வரவில்லை. ஆனாலும் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். பயம் வரவில்லை. குரலோ ஒளியோ ஒன்றும் இல்லை. அந்த அறையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்து, நான் பேசுவதற்காகக் காத்திருந்த ஒருவரிடம் பேசுகிறேன் என்று மட்டும் தெரிந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். ஆண்டவர் ஞாயிற்றுக்கிழமைக்காரர் இல்லை.

ஆறுமுகம் அண்ணன் அதுவரை வரவில்லை. ஒருநாள் மாலை கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்து, வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வர மறுத்தார்.

"இந்தக் கையாலதான் கெடுத்துட்டேன் தங்கச்சி. அப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்கணும். சோறு எறங்க மாட்டேங்குது."

உள்ளேயிருந்து இவர் குரல் கொடுத்தார். "யாரு, ஆறுமுகம் அண்ணனா? வெளியே நின்னுகினு இன்னாண்ணே பண்ற? நான் வந்து கையப் புடிச்சி இட்டுகினு வரணுமா? எனக்கே கண்ணு தெரியல."

அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். ஜெப நேரமானது. "நானும் இருக்கட்டுமா?" என்று கேட்டார். நான் வழக்கம்போல் வீட்டிலிருப்பதைச் சொன்னேன். பிறகு இவர், "அண்ணே, நீ ஒண்ணு சொல்லு" என்றார்.

"உங்க சாமி பாஷை எனக்குத் தெரியாதுபா."

"தமிழ்தாண்ணே."

தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "சாமுவேலு இன்னும் என்கூடப் பேசறான்."

நான் ஸ்தோத்திரம் சொன்னேன். சொன்ன அதே மூச்சில், என்னிடமிருந்த அந்த ஒரே வாக்கியம் முதல் முறையாக வாய்விட்டு வந்தது. "ஆண்டவரே, இந்தக் கண்ணைத் தாரும். தந்தாலும் தராவிட்டாலும் நீர் இந்த வீட்டிலேயே இரும்." எழுந்தபோது எனக்குள் பயம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

கட்டை அவிழ்க்கும் நாளில் அண்ணனும் லீவு போட்டு எங்களோடு வந்தார். அறைக்குள் திரையை இழுத்து இருட்டாக்கி, டாக்டர் முதலில் வலது கண்ணைத் திறந்தார். நன்றாக இருந்தது. அதை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு இடது கண்ணைத் திறந்தார். "என்ன தெரியுது?" என்றார்.

"வெளிச்சம்." கண்ணைச் சிமிட்டினார். "உங்க கை, டாக்டர். விரல்." பிறகு தலையைத் திருப்பிக் கதவோரம் பார்த்தார். "இன்னாண்ணே இது, ஷேவிங் பண்றதையே வுட்டுட்டியா?"

ஆறுமுகம் அண்ணன் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் திட்டினாள். டாக்டர் விளக்கு வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "இந்த அளவுக்கு வரும்னு நான் நினைக்கலம்மா" என்றார்.

மின்காந்தம் எப்படி வேலை செய்யும் என்று நான் படித்திருக்கிறேன். டாக்டரின் கைப்பழக்கத்தையும் மருந்தையும் குறைத்துச் சொல்லமாட்டேன். அவையும் ஆண்டவர் கொடுத்தவைதான். ஆனால் காந்தம் இரும்பைத்தான் இழுக்கும். என்னை இழுத்தது அது இல்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது ஜெபம் வராமல் இருக்கலாம். வார்த்தை வற்றிப்போயிருக்கலாம். பெரிய வார்த்தைக்காகக் காத்திருக்காதீர்கள். தலையை நிமிர்த்தி உங்கள் வீட்டைப் பாருங்கள். கண்ணில் படும் முதல் பொருளை அவரிடம் சொல்லுங்கள். அவர் அங்கேதான் இருக்கிறார். மற்றதை அவர் கேட்டுக்கொள்வார்.

இன்றைய நிலை இது. இவருடைய இடது கண்ணின் ஓரத்தில் கொஞ்சம் புகைமூட்டம் தங்கிவிட்டது. அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை. லேத்தில் நிற்க அனுமதி இல்லாததால் கருவிகள் கொடுக்கும் அறையில் பகல் ஷிப்டில் இருக்கிறார். நான் சோதனைப் பிரிவுக்குத் திரும்பிவிட்டேன். மாலையில் வீட்டில் ஜெபம் நடக்கிறது. இருவரும் மாறி மாறி நடத்துகிறோம்.