ஜவுளிக்கடை மாடியில் ஜாஸ்

ஜாஸும் நவீன மேற்கத்திய சாஸ்திரிய இசையும் கலந்து வாசிக்கும் தொழிலில் முதல் கச்சேரி பிடிப்பது சுலபம். நன்றாக வாசித்ததற்காக அதே ஆளிடம் இரண்டாவது கச்சேரி பிடித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே "எப்பங்க முடிப்பீங்க?" என்று கேட்கப்பட்ட அனைவருக்கும் இது சமர்ப்பணம். நாங்கள் ஏழு பேர். பாதி இசை காகிதத்தில் இருக்கும், மீதி அந்த நேரத்துக்கு அவரவர் மனசில் தோன்றுவது. நான் டபுள் பாஸ், அதாவது ஆள் உயர வயலின்.

மேல் மாடி

எங்களை நடத்துபவர் ரஃபீக். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அவருடைய அத்தாவுக்கு ஜவுளிக்கடை; அப்பாவை அவர் அத்தா என்பார், நாங்கள் பாய் என்போம். அதன் மாடியில்தான் ஒத்திகை. பாய் முகம் சுளித்ததே இல்லை, கீழே முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தலையைத் தூக்கி, "மேல யாருக்குங்க ஒடம்பு செரியில்ல?" என்று கேட்கும்வரை.

அன்று மாலை பாய் மாடி ஏறி வந்தார். இந்த ஊரில் இடம் கொடுத்த மற்றவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் சாவியைத் திருப்பிக் கேட்டவர்கள். இந்த மாடி போனால் குழுவே கிடையாது. பாய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கூப்ட்டவங்கள்ல யாராச்சும் ரெண்டாவது தபா கூப்டட்டும், நான் வாயத் தொறக்கல. இல்லன்னா தீபாவளி சரக்கு மேல ஏறிடும், நீங்க கீழ எறங்கிடுங்க."

ஏழுமலையின் மானம்

நைனார்பாளையம் திருவிழாவில் மைக் செட் போட்டவர் ஏழுமலை. எங்கள் கிளாரினெட் தமிழரசி தனியாக வாசிக்கும்போது நடுவில் ஒரு கீச்சுச் சத்தம் எழுப்புவாள். வேண்டுமென்றே எழுப்புவது, வருஷக்கணக்காகப் பயிற்சி செய்து பிடித்தது. ஏழுமலை மேடைக்கு ஓடிவந்து மைக்கை மாற்றினார். ஒயரை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரையே தூக்கிக்கொண்டு போய் வேறொன்று கொண்டுவந்தார். கீச்சு மட்டும் போகவில்லை. கூட்டம் எங்களை விட்டுவிட்டு அவரை முறைக்க ஆரம்பித்தது.

மனுஷன் வியர்த்து விறுவிறுத்து ரஃபீக்கின் காதருகே வந்து கெஞ்சினார்: "அது உங்க சத்தந்தான்னு மைக்ல ஒரு வார்த்த சொல்லிடுங்க சார், அடுத்த வாரம் எனக்கு ரெண்டு கல்யாணம் இருக்குது."

மலையில் தீர்ப்பு

கல்வராயன் மலையில் ஒரு ஊரில், பஞ்சாயத்து கூடுகிற இடத்திலேயே எங்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். ஜாஸ் வழக்கப்படி ஒவ்வொருவராக முன்னால் வந்து தனியாக வாசித்துவிட்டுத் திரும்பினோம். ஊரே அசையாமல் கேட்டது. இவர்கள் கட்டாயம் மறுபடி கூப்பிடுவார்கள் என்று பூரித்துப்போய் வேனில் ஏறினால், வழியை மறித்துவிட்டார்கள். ஆளாளுக்கு எழுந்து நியாயம் சொன்னீர்களே, அந்தப் பெண் அழுதுகூடக் காட்டினாளே, தீர்ப்பு சொல்லாமல் கிளம்பினால் எப்படி என்று கேட்டார்கள்.

ரஃபீக் நெடுநேரம் யோசித்து, தப்பு டபுள் பாஸ் மேல்தான் என்று தீர்ப்பளித்தார். நான் இறங்கித் தமிழரசியிடம் மன்னிப்புக் கேட்டேன். கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் வழிவிட்டபடி சொன்னார்: "இத மொதல்லயே பண்ணியிருந்தா ஒரு மணி நேரம் மிச்சமாயிருக்கும்."

விரல்

சின்னசேலத்தில் ஒரு கல்யாணம். முந்தின நாள் வரவேற்பில் வாசித்துவிட்டு, காலையில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாதஸ்வரக்காரர்கள் வந்த வேன் வழியில் படுத்துவிட்டது என்று பெண்ணின் சித்தப்பா ஓடிவந்தார். இலையை விட்டு எழுந்து மேடை ஏறினோம்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். அவரவர் இஷ்டத்துக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போது ரஃபீக் ஆள்காட்டி விரலைத் தூக்கினால், அந்த நொடியே அத்தனை பேரும் நிறுத்த வேண்டும். இதை மட்டும் நாங்கள் பிழையில்லாமல் செய்வோம். முகூர்த்த நேரத்தில் சித்தப்பா ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டி, "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று கத்தினார். நாங்கள் விரலைத்தான் பார்த்தோம். கப்பென்று நிறுத்திவிட்டோம்.

தும்மல்கூடக் காதில் விழக் கூடாத நேரத்தில் மண்டபத்தில் அப்படி ஒரு நிசப்தம். மாப்பிள்ளை தாலி முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெண் அவரிடம் மெதுவாகச் சொன்னது ஐயரின் மைக் வழியாக எல்லாருக்கும் கேட்டது: "பயப்படாதீங்க, நான் எங்கயும் போவல. நிதானமா கட்டுங்க." மண்டபமே சிரித்தது. பெண்ணின் அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். ஆனால் சித்தப்பா பார்த்த பார்வையில், மாடி போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டு வேனில் ஏறினேன்.

தீபாவளி மூட்டைகள் கடை வாசலில் இறங்கிக்கொண்டிருந்தபோது ரஃபீக்குக்குப் போன் வந்தது. அதே சித்தப்பா. திட்டைத் தனியாக வாங்குவானேன் என்று ரஃபீக் ஸ்பீக்கரில் போட்டார். பாயும் மூட்டையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "தை மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணங்க. அன்னிக்கு அக்கா கல்யாணத்துல வாசிப்ப நிறுத்துன மாதிரி எனக்கும் நிறுத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. நீங்க இன்னா வேணா வாசிச்சிக்கினு இருங்க, நான் வெரலத் தூக்குனா மட்டும் கரெக்டா நிறுத்திடுங்க."

ஆக, ஏழு பேரும் வாசித்துக் காப்பாற்ற முடியாத மாடியை, வாசிக்காமல் இருந்து காப்பாற்றிவிட்டோம்.