இருபத்தோராவது ஆள்

பேத்தமங்களா ரோட்டில் நிற்கும் சிமென்ட் கல் பட்டறை நான் கட்டியது. மூன்று இடத்தில் புகை மட்டுமே வந்து, நான்காவது இடத்தில் தண்ணீர் பீறிட்ட போர்வெல் என்னுடையது. தங்கச் சுரங்கத்தை மூடியதும் ஊரே வேலைக்காகப் பெங்களூர் ரயிலில் தொங்கியது. நான் தொங்கவில்லை, இரண்டு மாடி எழுப்பினேன். எங்கள் சபையின் சுற்றுச்சுவர்கூட என் கல்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்தது இவ்வளவும். ஆனால் இதற்கெல்லாம் முன்னால், ஒன்பது வயதில், நான் ஒரு கதையை முடித்துவைத்தேன். அதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

கதை என் தாய்மாமாவுடையது. அதை இப்போது அவருடைய பேத்தி பெங்களூரில் இருந்துகொண்டு பெரிய நாவலாக எழுதுகிறாள். இரண்டு பாகம் வந்துவிட்டது. படித்தவர்கள் இரண்டு கட்சியாகச் சண்டை போடுகிறார்களாம். கதையில் கணக்குக்கு மேல் வருகிற அந்த ஆள் யார் என்று சொல்லாதது ஏமாற்று வேலை என்கிறது ஒரு கட்சி. சொன்னால் கதை செத்துப்போகும் என்கிறது மற்றது. மூன்றாம் பாகத்தில் சொல்லிவிடலாமா என்று போனில் என்னைக் கேட்டாள். அந்தக் கதையை மாமா வாயால் கேட்டவர்களில் மிச்சம் நான்தான்.

ஊரிகத்தில், சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில், எங்களோடுதான் மாமாவும் இருந்தார். சுரங்கத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தால் கதை தொடங்கும். பூமிக்கு அடியில் ஏழு ராஜ்யங்கள், கல்லாகிப்போன ராணி, சத்தமே போடாத ஒரு சேனை. ஒவ்வொரு போருக்கும் இருபது வீரர்கள், சுரங்கத்தில் ஆள் இறக்கும் கூண்டான கேஜில் இறங்குவார்கள். மேலே ஏறி வரும்போது மாமா விரல் விட்டு எண்ணுவார். இருபத்தொன்று இருக்கும்.

"அவன் யாரு மாமா?"

"தெரியாது. மூஞ்சி ஈரமா கீது. அதுக்கு மேல கேக்காதீங்க."

கேட்க வருகிற பிள்ளைகள் என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். கதை முடிந்து வாசல் தாண்டும்போது எண்ணினால் பன்னிரண்டு வரும். இரண்டாம் தடவை எண்ண எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

யாரை உள்ளே விடுவது, யாரை விடக்கூடாது என்று வாசலில் நின்று முடிவு செய்தவன் நான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் மூக்கை உடைத்தாள்.

"பெரிய மேஸ்திரி மாரி நின்னுகினு கீறியே, அவன் யாருன்னு உனக்காவது தெரியுமா? கதை சொல்றது உங்க மாமாதான? அடுத்த வாரம் சொல்லலன்னா நம்ம லைன் பசங்க ஒருத்தனும் வரமாட்டோம்."

சனிக்கிழமை மாமாவின் தகரப் பெட்டியைக் குடைந்தேன். ஜெபப் புத்தகத்துக்கு அடியில் ஒரு பித்தளை டோக்கன். எண் நானூற்றுப் பதினேழு. டோக்கன் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். இறங்குகிறவர் எடுத்துக்கொண்டு போவார். ஏறி வந்ததும் பலகையில் தன் ஆணியில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார்.

மறுநாள் மாமா வருவதற்கு முன்பே சுவரில் ஓர் ஆணி அடித்து டோக்கனை மாட்டி, வந்திருந்த பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

"இதான் அவன். நானூத்திப் பதினேழு. ராணியோட அண்ணன், வழி தவறிப் போனவன். இப்ப ஏறி வந்துட்டான்."

"அய்ய, இவ்ளோதானா?" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் கில்லி விளையாடப் போய்விட்டார்கள். வாசலில் எண்ணினேன். என்னோடு சேர்த்துப் பதினொன்றுதான்.

மாமா வந்தார். காலி அறையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"இன்னாடா இது? யாரு மாட்டுனது?"

"நான்தான் மாமா. அவன் மேல வந்துட்டான்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

அதே நேரம் கீழே எங்கோ பாறை வெடித்தது. எங்களுக்கு அது பழக்கம்தான். அலமாரியில் பாத்திரங்கள் ஒருமுறை நடுங்கி ஓயும். அன்று பாத்திரங்கள் ஓய்ந்த பிறகும் டோக்கன் ஆடிக்கொண்டிருந்தது. மாமா வாசலைப் பார்த்து, யாரோ உள்ளே வர வழி விடுகிறவர்போல ஒதுங்கி நின்றார்.

"எங்க உக்காந்தான்?" என்று கேட்டார்.

நான் பெஞ்சின் ஓரத்தைக் காட்டினேன். மாமா ஓர் ஆள் இடம் விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கதையே சொன்னதில்லை.

பாறை சரிந்த ஒரு நாளில் அவருடைய கூட்டாளி, சட்டைப் பையில் ஓட்டை என்று, தன் டோக்கனை மாமாவிடம் கொடுத்துவைத்திருந்தாராம். அன்று இறங்கியது இருபது பேர், ஏறியது பத்தொன்பது. உடல்கூடக் கிடைக்கவில்லை. இதை அம்மா எனக்குச் சொன்னபோது எனக்கே மீசை வந்துவிட்டிருந்தது. குறைந்துபோன அந்த ஒருவரைத்தான் மாமா வாரம் தவறாமல் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார் என்பதும், ஆணியில் மாட்டிவிட்டால் பிறகு ஏற்றிவரக் கீழே ஆள் இல்லை என்பதும் ஒன்பது வயதுக்கு எங்கே தெரியும்? இடம் காட்டிய பெருமையில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

சொல்லாதே என்று பேத்தியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சொல்லிப் பார்த்தவன் நான். ஆனால் அந்த ஆணி அடிக்கப்படாமல் இருந்திருந்தால், கூடுதலாக வந்தவன் யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது, அவளையும் சேர்த்துத்தான். அதனால் முதல் பக்கத்தில், மாமா பெயருக்குக் கீழே, என் பெயர் வர வேண்டும். ஆணி அடித்தவன் என்றே போடட்டும்.