ஐந்தடி எட்டு

என் மகளின் உயரம் என்ன என்று யார் கேட்டாலும் ஐந்தடி எட்டு என்றுதான் சொல்வேன். தையல்காரரிடமும் அதையேதான் சொன்னேன். சுடிதார் பேன்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது, பரவாயில்லை என்று போட்டுக்கொண்டாள். உண்மையில் அவள் ஐந்தடி பதினொன்று. பதினைந்து வயதில் அந்த உயரம். கல்மண்டபத்தில் எங்கள் தெருவில் அவளைவிட உயரமான ஆம்பிளைகள் நாலு பேர் தேறினால் அதிகம். தண்ணி லாரி வரும் நாளில் குடத்தோடு போய் நின்றாளானால் வரிசை மொத்தமும் லாரியை விட்டுவிட்டு அவளைப் பார்க்கும்.

"இன்னா துன்றா உம் பொண்ணு? இவ்ளோ ஒசரத்துக்கு மாப்ளய எங்கேர்ந்து புடிப்ப?" என்று ஒருத்தியாவது கேட்டுவிடுவாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அதனால்தான் மூன்று அங்குலத்தைக் குறைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்து அவளைச் சுற்றி அடுப்பில் போடுவேன். ஃபாதருக்குத் தெரிந்தால் திட்டுவார். அவரிடம் போய் ஏன் சொல்ல வேண்டும்?

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. லாரியில் வந்து நிற்கும் பெட்டியின் கதவில் ஒரு சீல் தொங்கும். அதிலுள்ள எண்ணும் காகிதத்திலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். எண் சரியாக இருந்தாலும் விடமாட்டேன், ஒரு இழு இழுத்துப் பார்ப்பேன். அறுத்துவிட்டுப் பசை போட்டு ஒட்டிய சீல் இரண்டு முறை என் கையோடு வந்திருக்கிறது. அதிலிருந்து டிரைவர்கள் என்னைக் கண்டாலே வண்டியை விட்டு இறங்கிவிடுவார்கள். வீட்டுக்காரர் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்ச் டிரைவர். கடலுக்குப் போனால் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வீட்டில் நானும் மகளும்தான்.

அவள் பாஸ்கெட்பால் ஆடப் போனது தானாக நடந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு சிமென்ட் கோர்ட் இருக்கிறது. தினமும் காலையில் அங்கே ஒரு சார் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வளர்ந்தவர், ஆடி ஆடியே ரயில்வேயில் வேலை வாங்கியவர், இப்போது ரிட்டையர் ஆகிவிட்டார். என் மகளைத் தெருவில் பார்த்து அவரே வந்து கூப்பிட்டார். எவ்வளவு ஃபீஸ் என்று கேட்டேன். ஃபீஸெல்லாம் கிடையாது என்றார். எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. காசு கேட்கிறவனிடம் என்ன வேண்டும் என்று தெரியும். கேட்காதவனை எதை வைத்து நம்புவது?

ஒன்றரை மாதம் தினமும் காலையில் டீ பிளாஸ்க்கோடு போய் கோர்ட் ஓரத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். பிள்ளைகளைத் தொட்டுப் பேசுகிறாரா, தனியாக யாரையாவது நிற்கச் சொல்கிறாரா என்று பார்த்தேன். மனிதர் விசிலை வாயிலிருந்து எடுத்தால் திட்டுவார், திட்டி முடித்தால் விசிலை வாயில் வைப்பார். வேறொன்றும் தெரியவில்லை. கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவரே பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா, சிஐடி வேல முடிஞ்சிச்சா இல்லியா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் இந்த ஆட்டத்தில் முன்னுக்கு வரும் வழி எப்படி என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பெரிய லீக், கோடி ரூபாய் என்று பேசுகிறவனை நம்பாதே என்றார். லீக் ஒன்று வரும், போஸ்டர் ஒட்டுவார்கள், அடுத்த வருஷம் போஸ்டரும் இருக்காது லீக்கும் இருக்காது. நம்ம பிள்ளைகளுக்கு உள்ள வழி வேறு. முதலில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் பிடிக்க வேண்டும். அங்கே சாப்பாடு, படிப்பு, காலையும் மாலையும் பயிற்சி. அதிலிருந்து ஸ்டேட் டீம். ஸ்டேட் ஆடினால் நல்ல கல்லூரியில் இலவச சீட்டு. அதற்கப்புறம் ரயில்வேயோ கஸ்டம்ஸோ பேங்கோ கூப்பிடும். டீமுக்கும் ஆடலாம், மாதச் சம்பளமும் வரும்.

"ஒம் பொண்ணுக்கு கை கீது, கண்ணு கீது, அதுக்கு மேல ஒசரம் கீது. ஹாஸ்டல்ல மட்டும் பூந்துட்டா அப்பறம் அவள யாராலயும் புடிக்க முடியாது" என்றார்.

மகளிடம் கேட்டேன். "ரயில்வே டீம்ல ஆடணும்மா" என்றாள். அவளாக இது வேண்டும் என்று என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நடுவில் கோட்டு சூட்டு போட்ட ஒருவர் வந்து என் சந்தேகத்துக்குத் தீனி போட்டுவிட்டுப் போனார். தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். வெளிநாட்டு அகாடமி, ஸ்காலர்ஷிப், அங்கேயே படித்து அங்கேயே ஆடலாம் என்று திரையில் படம் படமாகக் காட்டினார். முன்பணம் கட்டி, பாஸ்போர்ட்டையும் அவரிடம் கொடுத்துவிட வேண்டுமாம். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நான் எழுந்து, உங்கள் அகாடமியில் இப்போது ஆடும் ஒரு பெண்ணோடு பேச வேண்டும், ஃபோன் போட்டுக் கொடுங்கள் என்றேன். அங்கே இப்போது தூங்கும் நேரம் என்றார். பரவாயில்லை, முழித்ததும் பேசுகிறேன், காத்திருக்கிறேன் என்றேன். டீ பிரேக் விட்டார்கள். பிரேக் முடிந்தபோது கோட்டுக்காரரைக் காணோம். அதற்கப்புறம் தெருவில் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்கும் தலைக்கேறிவிட்டது, உண்மையைச் சொன்னால்.

ஹாஸ்டலுக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்தது. எல்லாம் ஆன்லைன். கடைசித் தேதிக்கு முந்தின நாள் வேலை முடிந்து வரும்போது டோல்கேட்டில் இறங்கினேன். மகளை ஷேர் ஆட்டோவில் அங்கேயே வரச் சொல்லியிருந்தேன். பிரவுசிங் சென்டரில் இருவரும் அருகருகே உட்கார்ந்தோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்க நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பெயர், பிறந்த தேதி, பள்ளிக்கூடம். எங்களுக்குப் பின்னால் ரேஷன் கார்டு வேலைக்கு ஏழெட்டுப் பேர். அதில் எங்கள் தெருக்காரிகள் இரண்டு பேர் கழுத்தை நீட்டி ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹைட்டு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அஞ்சு எட்டு" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு மாற்றவும் தோன்றவில்லை. எப்படியும் நேரில் நிற்கவைத்து அளப்பார்கள்தானே, அங்கே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் அதைச் சென்டிமீட்டராக்கி நூற்று எழுபத்து மூன்று என்று போட்டாள். பிரிண்ட் எடுத்து வாங்கி, என் ஃபைலில் வைத்துக்கொண்டேன். எந்தக் காகிதத்துக்கும் ஒரு பிரதி என்னிடம் இல்லாமல் விடமாட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியல் வந்தது. எங்கள் மைதானத்திலிருந்து ஒரே ஒரு பெயர். என் மகள் பெயர் இல்லை. ஹார்டுவேர் கடைக்காரர் மகளின் பெயர்.

அந்தக் கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கல்மண்டபத்தில் கடை வைத்திருப்பவர். அவர் மகளும் உயரம்தான், நன்றாகவும் ஆடுவாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மகளுக்கு ஒரு படி கீழேதான். சாரிடம் போய்க் கேட்டேன். "எனுக்கும் புர்லம்மா. கேட்டு சொல்றேன்" என்றார். பூசி மெழுகுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். மைதானத்தில் புது ரிங்கும் போர்டும் மாட்டியிருந்தார்களே, அது யார் கொடுத்தது? கடைக்காரர். சார் சாயங்காலம் எங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறார்? கடைக்காரரின் கடையில். ஃபீஸ் வாங்காத ரகசியம் இதுதானா என்று தோன்றியதும் ராத்திரி சோறு இறங்கவில்லை. மகள் ஷூவைக் கழுவிக் காயப்போட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டதும் நேராக மைதானத்துக்குப் போனேன். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன், கேட்க நாலு பேர் இருக்க வேண்டும். கையில் ஃபைல். மகள் வேண்டாம் வேண்டாம் என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கடைக்காரரும் மகளோடு அங்கே நின்றிருந்தார். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

"இன்னா சார், போர்டு வாங்கிக் குட்த்தா சீட்டா? நாங்க இன்னாத்த குடுக்கணும், சொல்லு! எம் பொண்ணு வருஷக்கணக்கா ஓடிக்கினு கீறா, அவ வயித்துல அட்ச்சிட்டு யாருக்கு தாரை வாக்குற?" என்று ஆரம்பித்தேன். இதைவிடக் கலீஜாகவும் பேசினேன், அதையெல்லாம் எழுத முடியாது. கோயிலிலிருந்து வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். சார் பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ளிகேஷன் பிரின்ட் வெச்சினுக்கீறியாம்மா?"

"எல்லாம் கீது" என்று ஃபைலைத் திறந்து நானே எடுத்து நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். அப்புறம் என் மகளைப் பார்த்தார், தலையை நன்றாக நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"நூத்தி எழுவத்தி மூணுன்னு போட்டுக்கீது. இவ நூத்தி எம்பதும்மா."

நான் காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி அந்த எண்ணைப் பார்த்தேன்.

"நூத்தி எழுவத்தஞ்சுக்குக் கீழ இருந்தா கம்ப்யூட்டரே தள்ளிடும். ஆள் பாக்கவே மாட்டான். பத்து பொண்ணுங்கள வுட்டுட்டு ஒசரத்துக்குதான் இவளப் புட்ச்சாந்தேன். எங்கைல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லம்மா?"

கடைக்காரர் மெதுவாக, "நானும் சார்ட்ட கேட்டேம்லா, அந்தப் புள்ள பேரு ஏன் வரலன்னு. எம் பொண்ணு தனியாப் போவ மாட்டேங்கா" என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மன்னிப்புக்கூடக் கேட்காமல் ஃபைலை மூடினேன். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. நின்றவர்களில் அந்தப் பிரவுசிங் சென்டர் தெருக்காரி ஒருத்தியும் இருந்தாள்.

சார் அங்கேயே நின்று நாலைந்து பேருக்கு ஃபோன் போட்டார். திங்கட்கிழமை தானே பஸ் பிடித்து ஹாஸ்டல் ஆபீசுக்குப் போய் மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு வந்தார். ஏற்றியதை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். வேறு வழிகள் இருக்கின்றன, சுற்றுவழி, பார்க்கலாம் என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த மனிதரை நான் ஒன்றரை மாதம் வேவு பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் மகள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஹார்பர் பக்கமிருந்து கரித்தூள் காற்று, வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். யாரிடமாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது, மிச்சமிருந்தது அவள்தான்.

"பக்கத்துலதானே குந்திக்கினு இருந்த? நான் தப்பா சொல்றேன்னு தெரியும்ல? வாயத் தொறந்து சொன்னா இன்னாடி?"

அவள் துணியை மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஒசரம் கம்மியா போட்டா தள்ளிடுவாங்கன்னு சார் எங்களுக்கு சொல்லிக்கீறாரு. நீயும் அது தெரிஞ்சுதான் சொல்றேன்னு நெனச்சேன்மா. நைனாவும் கடலுக்குப் பூடுது. நானும் ஹாஸ்டலுக்குப் பூட்டா நீ ஒண்டியாய்டுவ. அதான் நான் போவ வேணாம்னு நீயே அப்டி போட்டுட்டேன்னு நெனச்சேன். சரி, ஒனக்கு வேணாம்னா வுட்டுடலாம்னு வுட்டுட்டேன்."

மூன்று வாரம் அவள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், காலையில் எழுந்து பயிற்சிக்கும் போயிருக்கிறாள். பட்டியலில் பெயர் இல்லாதபோது அவள் ஏன் அழவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"அய்யோ, இல்லடி பாப்பா. அவளுங்க பின்னாடி நின்னுக்கினு இருந்தாளுங்க. கண்ணு பட்டுடும்னுதான் அப்டி சொன்னேன். மாதா சத்தியமா அவ்ளோதான்."

கடைசித் துணியையும் மடித்தாள்.

"சரிம்மா" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

அந்தச் சரியை எனக்கு நன்றாகத் தெரியும். எதிரில் நிற்பவர் சொல்வதில் ஒரு வார்த்தையையும் நம்பாதபோது நான் சொல்லும் சரி அது.