நாலாம் லயத்து ஏழாம் காம்பரா

மத்தியாஸ் அண்ணன் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேசன். 1949-இல் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான நாலாம் லயம் பிளந்தபோது, அதை இடித்து, அதே கல்லை அடுக்கி மறுபடி கட்டியவர் அவர்தான். அந்த லயத்து ஏழாம் காம்பரா என்கிற ஒற்றை அறையில்தான் அவர் பிறந்தார். கட்டி முடித்ததும் தோட்டத்து ஆபீஸ் லயத்துக்குப் பதினொன்று என்று புது நம்பர் போட்டது. ஏட்டில் நாலாம் லயத்தைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ரீகன்ஸ்ட்ரக்டட்' என்று எழுதிவிட்டது.

ஐந்தாறு வருஷம் கழித்துப் பிரஜாவுரிமை விசாரணை வந்தது; இந்த நாட்டில்தான் பிறந்தோம் என்று காட்ட வேண்டும். நான் தோட்டத்துப் பள்ளி வாத்தியார். ஆங்கிலம் பேச அண்ணனோடு போனேன். அவருடைய பிறப்புப் பத்திரத்தில் நாலாம் லயம் என்றிருந்தது.

"அப்படியொரு லயமே இல்லையே" என்றார் அதிகாரி, தோட்டத்து ஏட்டைப் புரட்டி.

"இருக்குங்க ஐயா. நான்தாங்க கட்டுனேன். கல்லுகூட அதே கல்லுதாங்க" என்றார் அண்ணன்.

இருந்ததைத் திரும்ப எழுப்புவதுதான் 'ரீகன்ஸ்ட்ரக்டட்' என்ற சொல்லுக்குப் பொருள் என்று நானும் வாதாடினேன். தொண்டை வற்றியதுதான் மிச்சம். அகராதியில் என்ன இருந்தால் என்ன? ஏட்டில் அதற்கு ஆளையே இல்லாமல் செய்வது என்று பொருள். மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

போன மாதம் ஆறாம் லயத்தையும் இடித்துக் கட்டச் சொன்னார்கள். அண்ணன் உடனே கடப்பாரையைத் தொடவில்லை. ஒவ்வொரு கதவிலும் இருந்த, லயமும் காம்பராவும் பொறித்த நம்பர் தகட்டை ஆணியோடு பிடுங்கி, அந்தந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

"பத்திரமா வச்சுக்கங்க. என்னால வீட்டைத்தான் திரும்பக் கட்ட முடியும்."